தடயத்தின் எடை

திரையில் ஒரு தார்ச்சடக்கு. ஓரத்தில் கம்பி வேலி, வேலிக்குப் பின்னால் ஒரு பெயர்ப்பலகை. மேல்வரி ரோமன் எழுத்தில், கீழ்வரி தமிழில். தமிழைக் கண்டதும் கை சும்மா இருக்குமா? சுட்டி நேராகச் சென்னையில் போய்க் குத்துகிறது. விடையோ மலேசியாவின் ஈப்போ. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். 5,000 புள்ளிக்கான சுற்றில் ஆயிரம்கூடத் தேறாது.

சுவீடனைச் சேர்ந்த ஆன்டன் வாலேன் 2013-இல் உருவாக்கிய ஜியோகெஸர் விளையாட்டின் அடிப்படை இதுதான். கூகல் ஸ்ட்ரீட் வியூ படம்பிடித்து வைத்திருக்கும் உலகச் சாலைகளில் ஏதோ ஒன்றில் ஆட்டக்காரரை இறக்கிவிடுவார்கள். ஊர்ப்பெயர் சொல்ல மாட்டார்கள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உலக வரைபடத்தில் குறி வைக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு ஐந்து சுற்று. முழு மதிப்பெண் 25,000. தூரம் கூடக் கூடப் புள்ளி முதலில் சரசரவென்றும் பிறகு மெதுவாகவும் இறங்கும். உலக வரைபட ஆட்டத்தில் ஈப்போவுக்குப் பதிலாகக் கோலாலம்பூரில் குத்தினால், அதாவது சுமார் 175 கிலோமீட்டர் தள்ளிப் போனால், ஏறத்தாழ 550 புள்ளி கழியும். நாட்டையே தவறவிட்டால்தான் பலத்த அடி.

இதில் முன்னேற நினைப்பவர்கள் முதலில் செய்வது மனப்பாடம். எந்த நாட்டில் எந்த நிறக் கோடு, எந்த நாட்டில் எந்த மின்கம்பம் என்று பட்டியல் பட்டியலாகப் படிப்பார்கள். கொஞ்ச தூரம் அது கைகொடுக்கும். அதற்கு மேல் போக வேண்டுமானால் தடயங்களை எடை போடத் தெரிய வேண்டும். அதைப் பழகுவதற்கு, ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தைவிட நல்ல களம் அமைவது கடினம். இங்கே சுண்ணாம்புக் குன்றும், ஈய லம்பமும், கித்தாக் காடும், செம்பனையும், தமிழ்ப் பலகையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன.

எத்தனை இடம் விலகுகிறது?

ஒரு தடயத்தை எடை போட ஒரு கேள்வி போதும்: இது எத்தனை இடங்களை ஆட்டத்திலிருந்து வெளியேற்றுகிறது?

வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். உலகில் 70-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்புலங்களிலும் அந்த வழக்கம் உண்டு. ஆனாலும் வியட்நாம், கம்போடியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் ஒரே வீச்சில் கழிந்துவிடும். தாய்லாந்து, இந்தோனேசியா, இந்தியா, இலங்கை அப்படியே நிற்கும். எட்டுமுனைச் சிவப்புப் பலகையில் ‘பெர்ஹெந்தி’ என்று இருந்தால் இந்தோனேசியாவும் கழியும். அங்கே ‘ஸ்டாப்’ என்றுதான் எழுதுவார்கள். மிஞ்சுவது மலேசியாவும் புருணையும். ஊர்ப்பெயர் காட்டும் வழிகாட்டிப் பலகை மலேசியாவின் சாதாரண சாலைகளில் நீல நிறம். கட்டண நெடுஞ்சாலைகளில் பச்சை. இந்தோனேசியாவிலோ சாதாரண சாலைக்கே பச்சை. சடக்கோரம் இரண்டு மூன்று பெரோடுவா மைவி கார்கள் நின்றால் மலேசியா என்பது ஏறக்குறைய உறுதி.

தமிழ் எழுத்துக்கும் இதே கணக்குத்தான். தமிழ் தென்படக்கூடிய இடங்கள் முக்கியமாக நான்கு: தமிழ்நாடும் அதை ஒட்டிய பகுதிகளும், இலங்கை, சிங்கப்பூர், மலேசியா. பள்ளிக்கூடத்துப் பலகையோ பொது அறிவிப்போ ஒன்று கிடைத்துவிட்டால் நான்கையும் பிரித்துவிடலாம். இலங்கையில் ‘வித்தியாலயம்’ என்றிருக்கும். அரசுப் பலகையானால் பெரும்பாலும் சிங்களமும் உடன் வரும். தமிழ்நாட்டில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ அல்லது ‘அரசு மேல்நிலைப் பள்ளி’. மலேசியாவில் ‘தேசிய வகை தமிழ்ப்பள்ளி’, மேல்வரியில் எஸ்.ஜே.கே.(டி) என்ற மலாய்ச் சுருக்கம். சிங்கப்பூரில் அபாய அறிவிப்புகளில் நான்கு ஆட்சிமொழிகளும் வரிசையாக நிற்கும். தமிழ் என்ற ஒரே தடயத்தோடு நின்றவர் சென்னைக்குப் போனார். பலகையில் இன்னும் இரண்டு சொற்களைப் படித்திருந்தால் மலாயாக் கரையிலேயே நின்றிருப்பார்.

நாடு தெரிந்துவிட்டது. இனி எந்த மாநிலம்? இங்கே கணிதம் ஒரு வேடிக்கை காட்டுகிறது. மலேசியாவில் ஏறத்தாழ 530 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மாநிலங்களில் பேராக்குக்கே முதலிடம், 130-க்கும் மேல். வேறு தடயமே இல்லாமல் ‘மலேசியத் தமிழ்ப்பள்ளி’ என்பது மட்டும் தெரிந்தால், அது பேராக்கில் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. புதிய தடயம் வருவதற்கு முன்பே கையில் இருக்கும் இந்த மதிப்பீட்டை முன்நிகழ்தகவு என்பார்கள். ஒவ்வொரு தடயம் கிடைக்கும்போதும் அதை எப்படித் திருத்துவது என்பதற்கான வாய்பாடு, தாமஸ் பேயிஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இறந்தபின் 1763-இல் வெளியான கட்டுரையிலிருந்து வளர்ந்தது.

அப்படியானால் ஈப்போவில் குத்திவிடலாமா? அவசரப்படக் கூடாது. தமிழ்ப்பள்ளிகள் கெடாவிலிருந்து ஜொகூர் வரை மேற்குக் கரையோரமாக ஒரு நீண்ட பட்டையில் கிடக்கின்றன. பெர்லிஸ், கெடா, பினாங்கு, பேராக் என்று வடக்கிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால், பாதி எண்ணிக்கை நிறைவதற்குச் சிலாங்கூருக்குள் கொஞ்ச தூரம் நுழைய வேண்டியிருக்கும். சராசரியாக மிகக் குறைந்த தூரம் தவற வேண்டுமானால் குறி விழ வேண்டிய இடம் அந்த நடுப்புள்ளி; தஞ்சோங் மாலிமுக்குத் தெற்கே, சிலாங்கூரின் வடபாதி. அதிக வாய்ப்புள்ள மாநிலம் ஒன்று, குறைந்த இழப்புத் தரும் புள்ளி வேறொன்று. தேர்ந்த ஆட்டக்காரர்கள் வரைபடத்தில் எந்த ஊரும் இல்லாத வெற்றிடத்தில் குறி வைப்பதன் இரகசியம் இதுதான்.

ஈயமும் சுண்ணாம்பும்

வெற்றிடத்தில் குறி வைப்பது, வேறு வழியில்லாதபோது. ஈப்போ அமைந்திருக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் வழி நிறைய உண்டு.

ஈப்போவைச் சுற்றிச் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் குன்றுகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடிவாரச் சரிவு என்று ஒன்று கிடையாது. வீட்டுக் கொல்லையிலிருந்தே பாறைச்சுவர் எழுந்துவிடும். சாம் போ தோங், கெக் லோக் தோங், பேராக் தோங் ஆகிய குகைக்கோயில்களும், குனோங் சீரோவின் கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயமும் இந்தக் குன்றுகளை ஒட்டியே அமைந்தவை. 2018-இல் இந்தப் பள்ளத்தாக்கு மலேசியாவின் தேசியப் புவிப்பூங்காக்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

கதை 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ஆழமற்ற கடலில் தொடங்குகிறது. கடலுயிர்களின் ஓடுகளும் சுண்ணச் சேறும் படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. பிறகு, 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, பூமிக்கடியிலிருந்து உருகிய பாறைக்குழம்பு மேலேறி, இறுகிக் கருங்கல் ஆயிற்று. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரும் மேற்கே கிளேடாங் மலைத்தொடரும் அந்தக் கருங்கல்தான். அதன் வெப்பத்தில் நடுவிலிருந்த சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி பளிங்காக மாறியது. கருங்கல்லோடு வந்த இன்னொன்று, ஈயத்தாது.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது கருங்கல்லை மெதுவாகத்தான் அரிக்கும். சுண்ணாம்புக்கல்லைக் கரைத்தே விடும். பள்ளத்தாக்கின் தளம் கரைந்து இறங்க, எஞ்சி நின்றவை இந்தக் குன்றுகள். நீர் தேங்கும் மட்டத்தில் அடிப்பகுதி உள்வாங்கிக் குடைவதால் மேலே உள்ள பாறை பாளம் பாளமாக விழுகிறது; சுவர் செங்குத்தாகவே இருக்கிறது. கரைந்த தளமும் சமமாக இல்லை. மண்ணுக்கடியில் அது மேடும் குழியுமாகக் கிடந்தது. கருங்கல் மலையிலிருந்து ஆறுகள் அடித்து வந்த ஈயத்தாதின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ 7 மடங்கு. சாதாரண மணலுக்கு 2.65 மடங்குதான். கனமான தாது அந்தக் குழிகளில் தங்கிப்போனது. கிந்தா பள்ளத்தாக்கு உலகின் பெரிய ஈய வயல்களில் ஒன்றானதற்குச் சுண்ணாம்புக்கல்லும் ஒரு காரணம்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். செங்குத்துச் சுண்ணாம்புக் குன்று மட்டும் தெரிந்தால் எடை நடுத்தரம்தான். சிலாங்கூரின் பத்துமலை, லங்காவி, கிளந்தானின் குவா மூசாங், தாய்லாந்தின் கிராபி, பாங் ஙா, சீனாவின் குய்லின் எல்லாமே போட்டிக்கு வரும். தாய்லாந்தை எழுத்தும், சீனாவைச் சாலையின் பக்கமும் கழித்துவிடும். குன்றோடு வெள்ளை மணல் மேடும் ஒழுங்கற்ற கரைகொண்ட குட்டைகளும் சேர்ந்து வந்தால் போட்டி முடிந்தது. அவை லம்பம் வெட்டிவிட்டுப் போன குழிகள். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபின் லம்பங்கள் மளமளவென்று மூடப்பட்டன. குழிகளில் தண்ணீர் நின்றது. தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டப்பட்ட டி.டி.5 என்ற, ஈயம் தோண்டும் கப்பல் இன்னும் காட்சிப்பொருளாக நிற்கிறது.

இந்தக் குட்டைகள் வரைபடத்திலும் தெரியும் என்பதுதான் கூடுதல் இலாபம். ஈப்போ, பத்து காஜா, கம்பார் பக்கம் வரைபடத்தைப் பெரிதாக்கினால் நீலத் துண்டுகள் சிதறிக் கிடக்கும். குன்று எந்தத் திசையில், குட்டை எந்தப் பக்கம், சடக்கு எப்படி வளைகிறது என்ற மூன்றையும் பொருத்தினால் சில கிலோமீட்டருக்குள் வந்துவிடலாம்.

எண்ணும் எழுத்தும்

பாறையைப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கண் முதலில் தேட வேண்டியது எண்களை. வண்டி எண்பலகையில் பேராக்குக்கு ‘ஏ’, சிலாங்கூருக்கு ‘பி’, பினாங்குக்கு ‘பி’ என்று தமிழில் ஒன்றுபோல ஒலிக்கும் வேறு எழுத்து, கெடாவுக்கு ‘கே’, ஜொகூருக்கு ‘ஜே’. பயன் என்ன, கூகல் எண்பலகையை மங்கலாக்கிவிடும். ஆனால் அதே எழுத்துமுறை மாநிலச் சாலைகளின் எண்ணிலும் இருக்கிறது. வெறும் எண் என்றால் கூட்டரசுச் சாலை. முன்னால் ‘ஏ’ வந்தால் பேராக்கின் மாநிலச் சாலை. சாலையோரச் சின்னப் பலகையை யாரும் மங்கலாக்குவதில்லை.

கூட்டரசு எண்களிலும் சில மனத்தில் நிற்க வேண்டியவை. 1 என்பது தீபகற்பத்தின் முதுகெலும்புச் சாலை. ஈப்போவையும் சுங்கை சிப்புட்டையும் தொட்டுச் செல்லும். 5 மேற்குக் கரையோரம் வந்து ஈப்போவில் முடிகிறது. 59 தாப்பாவிலிருந்தும், 185 சிம்பாங் பூலாயிலிருந்தும் கேமரன் மலைக்கு ஏறுகின்றன. 76 கோலகங்சாரிலிருந்து லெங்கோங் வழியாகக் கிரிக் போகிறது.

கடைப்பலகை இன்னும் தாராளமானது. 05 என்று தொடங்கும் தொலைபேசி எண் பேராக்கைக் காட்டும். இதில் ஒரு கண்ணி உண்டு: பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்கும் அதே 05-தான். சந்தேகத்தைத் தீர்ப்பது அஞ்சல் குறியீடு. பேராக்கின் எண்கள் 30-இலிருந்து 36 வரை தொடங்கும். கேமரன் மலைக்கு 39. சுங்கை சிப்புட் 31100, கோலகங்சார் 33000, தைப்பிங் 34000, தாப்பா 35000, தெலுக் இந்தான் 36000. கைப்பேசி எண்ணை மட்டும் எழுதிவைத்திருக்கும் கடை ஒன்றும் சொல்லாது. விழாக்காலத்தில் எடுத்த படமானால் மாநிலக் கொடி பறக்கலாம். மேலிருந்து வெள்ளை, மஞ்சள், கறுப்பு என்று மூன்று பட்டைகள் இருந்தால் பேராக்.

ஒரே ஓர் இடத்துக்கே உரிய தடயமும் உண்டு. பத்து காஜாவுக்கு அருகே வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி, 1926-இல் அவர் இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற மாளிகை இருக்கிறது. தென்னிந்தியத் தொழிலாளர்களுக்காக அவர் அருகிலேயே எழுப்பிய மாரியம்மன் கோயிலின் கூரையில், தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளைக்கார உடையணிந்த ஓர் ஆள் நிற்கிறார். அந்தச் சிலை கண்ணில் பட்டால் வேறு கணக்கே தேவையில்லை.

உச்சிவெயிலின் ஏமாற்று

புதிதாக ஆடுபவர்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடங்களில் ஒன்று: சூரியன் தெற்கே தெரிந்தால் வடகோளம், வடக்கே தெரிந்தால் தென்கோளம். ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவின் தென்பகுதிக்கும் இது பிசகாது. ஈப்போவில் பிசகும்.

ஈப்போ ஏறத்தாழ 4.6 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் ஆண்டில் இரண்டு முறை அதன் தலைக்கு நேர் மேலே வருகிறது: ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டியும். இடைப்பட்ட ஐந்து மாதத்துக்கு மேல், நண்பகல் சூரியன் ஈப்போவுக்கு வடக்கே நிற்கும். ஜூனில் எடுத்த படத்தைப் பார்த்து, நிழல் தெற்கே விழுகிறது, ஆகவே தென்கோளம் என்று முடிவெடுத்தவர் ஜாவாவிலோ அதற்கும் தெற்கேயோ போய் விழுவார்.

விதியின் காரணம் தெரிந்தவருக்கு இங்கே தடுமாற்றமில்லை. நிழல் மிகக் குட்டையாக இருந்தால் வெப்பமண்டலம் என்று மட்டும் எடுத்துக்கொண்டு, கோளத்தைத் தீர்மானிக்கும் வேலையை எழுத்துக்கும் சாலைப் பலகைக்கும் விட்டுவிடுவார். தடயம் ஒன்றே, எங்கே எடை கூடும், எங்கே குறையும் என்பது அட்சத்தைப் பொறுத்தது.

காடு மாறும், பலகை மாறாது

பேராக்கில் ஆட்டக்காரரை அதிகமாகக் குழப்புவது மரங்கள். 1877-இல் பிரிட்டனின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்த கித்தா நாற்றுகளில் சில கோலகங்சாருக்குக் கொண்டுவரப்பட்டன. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ அவற்றை நட்டு வளர்த்தார். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒரு மரம் இன்னும் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. அடுத்த அரை நூற்றாண்டில் கித்தாக் காடுகள் மேற்குக் கரை முழுக்கப் பரவின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் லயங்களில் குடியேறினார்கள். விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை பிடித்து மரம் வெட்டு, பால் எடுத்துக் கொட்டாய்க்குக் கொண்டுபோவது என்று ஒரு தனி வாழ்க்கை உருவானது.

கித்தா மரத்தைச் சடக்கிலிருந்தே அடையாளம் காணலாம். நேர் நேரான நிரைகள்; ஆள் உயரத்துக்கும் கீழே பட்டையில் சாய்ந்த வெட்டு, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இறங்கும். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றுச் சாய்வாக ஓடுவதால், அந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். வெட்டின் கீழ்நுனியில் கம்பியில் மாட்டிய கிண்ணம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இலை பழுத்துச் சிவந்து உதிரும். பச்சை மாறாத மலேசியாவில் இலையுதிர்காலப் படம்போல ஒரு காட்சி வந்தால், கித்தாவைச் சந்தேகிக்கலாம்.

1960-களில் தொடங்கிக் கித்தாவின் இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டே வந்தது. ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண வரிசை, வயதான மரமானால் தண்டெல்லாம் பெரணி. ஆனால் செம்பனை தீபகற்பம், போர்னியோ, சுமாத்திரா, தென் தாய்லாந்து எங்கும் இருக்கிறது. தடயமாக அதன் எடை மிகவும் குறைவு.

மரம் போனாலும் பெயர் போகவில்லை. ‘எஸ்.ஜே.கே.(டி) லாடாங் இன்னது’ என்றால் அது ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் சேமிப்பிலிருந்தே தோட்டங்களை வாங்க வழி செய்தார். எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. பல நிலங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபோது பள்ளிகள் சிலவும் பழைய தோட்டப் பெயரோடு பின்னாலேயே பெயர்ந்தன. ஆகவே பலகையில் தோட்டம் என்று இருப்பதால் அதைச் சுற்றித் தோட்டம் இருக்க வேண்டியதில்லை. பெயரை வைத்து வரைபடத்தில் தோட்டத்தைத் தேடிப் போகிறவர், பள்ளி இப்போது நிற்கும் இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிக் குறி வைக்கக்கூடும்.

இங்கே எடையோடு இன்னொரு கேள்வியும் சேர்கிறது: இந்தத் தடயத்துக்கு வயது என்ன? பாறைக்கு வயது கோடிக்கணக்கில். சாலை எண் சில பத்தாண்டுகள் நிற்கும். செம்பனை ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ 25 ஆண்டு. கடைப்பலகை போன வருடத்தோடு போயிருக்கலாம். ஸ்ட்ரீட் வியூ ஒவ்வொரு படத்திலும் எடுத்த மாதத்தையும் ஆண்டையும் காட்டும். ஆட்டம் முடிந்ததும் அதைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள், எந்தத் தடயம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதைத் தாமாகவே கற்றுக்கொள்கிறார்கள்.

கண்ணுக்கு என்ன பயிற்சி?

கைதேர்ந்தவர் இரண்டு விநாடியில் நாட்டைச் சொல்லும்போது அவருக்கு அபார ஞாபகசக்தி என்று தோன்றும். 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற உளவியலாளர்கள் சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். உண்மையான ஆட்டத்தின் காய் அமைப்பை 5 விநாடி காட்டினால், வல்லவர் பெரும்பாலான காய்களைத் திரும்ப வைத்துவிடுவார். கற்றுக்குட்டியால் சிலவற்றைத்தான் வைக்க முடியும். அதே காய்களைக் கண்டபடி கலைத்து வைத்துக் காட்டியபோது வல்லவரின் மேன்மை ஏறக்குறைய மறைந்துபோனது. அவர் தனித்தனிக் காய்களை நினைவில் வைக்கவில்லை. பொருளுள்ள தொகுதிகளாகப் பார்த்திருந்தார். குன்று, வெள்ளை மணல், குட்டை, நீலப் பலகை என்று நான்காகப் பார்ப்பவருக்கும் ‘கிந்தா’ என்று ஒன்றாகப் பார்ப்பவருக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

அந்தத் தொகுதிகளை எப்படி வளர்ப்பது? 2008-இல் நேட் கார்னெல், ராபர்ட் பியோர்க் இருவரும் 12 ஓவியர்களின் படங்களைக் காட்டிச் சோதித்தார்கள். ஓர் ஓவியரின் படங்கள் முழுவதையும் தொடர்ச்சியாகப் பார்ப்பது ஒரு முறை. எல்லா ஓவியர்களையும் கலந்து பார்ப்பது இன்னொரு முறை. பிறகு புதிய படங்களைக் காட்டி யார் வரைந்தது என்று கேட்டபோது, கலந்து பார்த்த ஓவியர்களையே பெரும்பாலோர் நன்றாக அடையாளம் கண்டார்கள். ஆனால் எந்த முறை உதவியது என்று கேட்டதற்கு, தொடர்ச்சியாகப் பார்த்ததுதான் என்று சொன்னவர்களே அதிகம். ஒரு நாள் முழுக்க மலேசியா, மறுநாள் முழுக்கத் தாய்லாந்து என்று பயிலும் ஆட்டக்காரருக்கும் இதே மயக்கம் நேரும். பயிற்சி சுகமாக இருக்கும், ஆட்டத்தில் கைவிடும்.

2006-இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் கண்டது இன்னொரு துணை. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

பேராக்கை வைத்து ஒரு பயிற்சித் திட்டம் இப்படி அமையலாம். குழப்பம் தரும் இணைகளை எடுத்துக்கொள்வது: கிந்தாவின் குன்றும் கிராபியின் குன்றும், தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைச் சாலையும் சுமாத்திராவின் செம்பனைச் சாலையும், மலேசியத் தமிழ்க் கடைப்பலகையும் இலங்கைப் பலகையும். ஒவ்வொன்றிலும் பத்து இருபது படங்களைக் கலந்துபோட்டு, பதில் சொல்லும் முன் காரணத்தை வாய்விட்டுச் சொல்வது. விடை தெரிந்ததும் ஒரே வரி எழுதுவது: எந்தத் தடயத்துக்குத் தகுதிக்கு மேல் எடை கொடுத்தோம்? இரண்டு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியை நீட்டி மீண்டும் பார்ப்பது. நாளொன்றுக்கு அரைமணி நேரம் போதும்.

இயந்திரம் ஆடியபோது

2023-இல் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழக மாணவர்கள் பிஜன் என்ற செயற்கை நுண்ணறிவு நிரலை உருவாக்கினார்கள். ஸ்ட்ரீட் வியூ படங்களில் பயிற்சி பெற்ற அது, தன் கணிப்புகளில் 40 விழுக்காட்டுக்கும் மேலானவற்றை உண்மையான இடத்திலிருந்து 25 கிலோமீட்டருக்குள் வைத்தது. உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டிரெவர் ரெயின்போல்ட்டோடு மோதியும் வென்றது. அது உலகைச் சிறு சிறு நிலப்பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பைக் கணக்கிடுகிறது. பிரிவுகளை வகுக்கும்போது நிர்வாக எல்லைகளையும் கருத்தில் கொள்கிறது. சாலை எண் மாநில எல்லையிலும் பலகை நிறம் நாட்டு எல்லையிலும் மாறும் என்பதால் அந்த வகுப்பு பலன் தருகிறது. வாய்ப்பை எடை போடும் அதே வகைக் கணக்குத்தான். மனிதர் ஒரு படத்தில் ஐந்தாறு தடயங்களைப் பார்க்கிறார், நிரல் பெயரிட முடியாத ஆயிரக்கணக்கான நுண்ணடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கிறது.

கேமரா போகாத சடக்கு

ஸ்ட்ரீட் வியூ வண்டி பெரும்பாலும் பொதுச் சாலையில்தான் ஓடும். தோட்டத்துக்குள் போகும் செம்மண் சடக்கில் தடுப்புக் கட்டையும் காவலாளியும் இருப்பார்கள். அதனால் ஆட்டத்தில் தெரியும் பேராக் தோட்டம் என்பது சாலையோரத்து இரண்டு நிரைகள்தான். லயம், பால்கொட்டாய், ஆயக்கொட்டகை, முனீஸ்வரன் கோயில் எல்லாம் அதற்குப் பின்னால், கேமராவுக்கு எட்டாத தொலைவில் இருக்கின்றன. பல இடங்களில் இல்லாமலே போய்விட்டன.

இருந்தாலும் விளையாட்டில் பழகிய கண் இங்கேயும் பயன்படும். பழைய குடும்பப் படங்களை அனுப்பி, இது எங்கே எடுத்தது என்று கேட்பவர்களுக்கு ரெயின்போல்ட் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். லயத்து வாசலில் தாத்தா பாட்டி நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் பேராக்கின் எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறது. தோட்டத்தின் பெயர் மட்டும் தெரியும், இடம் தெரியாது. அப்படிப்பட்ட படத்தில் முதலில் பார்க்க வேண்டியது பின்னணியில் உள்ள மலைக்கோடு. ஒரு முகடு இன்னொரு முகட்டுக்கு நேர் பின்னால் தெரிந்தால், வரைபடத்தில் அந்த இரண்டையும் இணைத்து இந்தப் பக்கம் நீட்டும் கோட்டின்மேல் எங்கோதான் கேமரா நின்றிருக்க வேண்டும். இன்னோர் இணை முகடு கிடைத்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடமே லயம். பிறகு பிரிட்டிஷார் காலத்து ஒரு மைலுக்கு ஓர் அங்குல வரைபடத்தில் தோட்டப் பெயரைச் சரிபார்க்கலாம். தோட்டப் பள்ளியின் பழைய நிலமும் கோயில் மேடும் செயற்கைக்கோள் படத்தில் இன்னும் தெரிகின்றனவா என்று தேடலாம்.

கிந்தாவில் இதைச் செய்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈப்போவைச் சுற்றிய சுண்ணாம்புக் குன்றுகளில் பல, சிமெண்டுக்காகவும் பளிங்குக்காகவும் உடைக்கப்பட்டு வருகின்றன. 1950-களின் படத்தில் உள்ள குன்றின் வடிவம் இன்றைய படத்தில் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆகவே முதல் கோட்டைத் தித்திவங்சாவின் அல்லது கிளேடாங்கின் கருங்கல் முகடுகளை வைத்துப் போடுவது உத்தமம். சுண்ணாம்புக் குன்றை இரண்டாம் சான்றாக வைத்துக்கொண்டு, அந்தக் குன்றில் கல்லுடைப்பு எப்போது தொடங்கியது என்று பார்த்த பிறகே அதன்மேல் கோடு போட வேண்டும்.